சூஸ்தலில் பேருந்து ஏறாத ருக்மணியம்மா

நாவலூரில் எங்கள் அடுக்ககத்துக்குக் கீழே புதிதாக ஒரு காய்கறிக் கடை திறந்திருக்கிறார்கள். காய்களுக்கெல்லாம் ஏசி போட்டு வைத்திருக்கும் கடை. போன வாரம் முருங்கைக்காய் வாங்கப் போனவள், கொத்தமல்லி என்று நினைத்து ஒரு கட்டைக் கையில் எடுத்தேன். இலை தலைமுடி மாதிரி மெல்லிசாக இருந்தது. "அது டில் மேடம். தமிழ்ல சதகுப்பைன்னு சொல்வாங்க. சாலட்ல போடுவாங்க" என்றாள் கடைப் பெண். மோந்து பார்த்தேன். அவ்வளவுதான். முருங்கைக்காய் மறந்துபோய்விட்டது. நான் ரஷ்யாவில் சூஸ்தல் என்கிற ஊரில், ஒரு உணவுக் கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

இதைச் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும். ஒரு காலத்தில் நான் வருஷத்துக்கு நாலு தடவை வெளிநாடு போய்வந்துகொண்டிருந்தவள். மேற்குத் தாம்பரத்தில், சண்முகம் சாலையில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்த சுற்றுலா நிறுவனத்தில் குழுத் தலைவியாக வேலை. குழுத் தலைவி என்றால் பெரிய பதவி போலத் தோன்றும். காலையில் அறைக் கதவுகளைத் தட்டி எழுப்புவது, மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்பது, பாஸ்போர்ட்டைத் தொலைத்தவரின் பெட்டியை அவருக்காகக் குடைந்து எடுத்துக் கொடுப்பது, ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ணுவது. இதெல்லாம்தான் அந்தப் பதவி. ஆனால் ஒரு விஷயத்தில் எனக்குத் தலைக்கனம் உண்டு. வெளிநாட்டு வழிகாட்டி ஆங்கிலத்தில் சொல்வதை நான் தமிழில் சொல்வேன். சும்மா சொல்ல மாட்டேன். கதையாகச் சொல்வேன். "அந்தப் பொண்ணு மைக் புடிச்சா தூக்கம் வராது" என்று குரோம்பேட்டை முழுக்கப் பேர். அந்தப் பேரை நானே கொஞ்சம் பரப்பினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அந்த ரஷ்யப் பயணத்தில் இருபத்திரண்டு பேர். பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். வங்கி, ரயில்வே, பள்ளிக்கூடம். அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருக்காரர்களே ஆறு பேர். இவர்களுக்கு நடுவில் ஒரு ஜோடி மட்டும் தனியாகத் தெரிந்தது. குன்றத்தூர் ஏழுமலை அண்ணனும் அவர் சம்சாரம் ருக்மணியம்மாவும். ஒரு காலத்தில் விவசாயம். நிலமெல்லாம் மனையாகிவிட்டது. இப்போது செங்கல், மணல், ஜல்லி வியாபாரம். அண்ணன் வெள்ளை வேட்டிக்கு மேல் பச்சை ஸ்வெட்டர் போட்டிருந்தார். அம்மா பட்டுச் சேலைக்குக் கீழே வெள்ளை ஸ்போர்ட்ஸ் ஷூ. பிள்ளைகள் இல்லை. மற்றவர்கள் அவர்களிடம் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் சாப்பாட்டு மேசையில் அவர்கள் பக்கத்து நாற்காலிதான் எப்போதும் கடைசியில் நிரம்பும்.

பணம் கட்ட வந்த அன்றைக்கே ஏழுமலை அண்ணன் என்னிடம் அங்கலாய்த்தார். "எல்லாரும் சிங்கப்பூர் போறான், தாய்லாந்து போறான். இவ இன்னாடான்னா ரஷ்யா, ரஷ்யான்னு ஒரே அடம். அங்க இன்னா கீதுன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேன்றா." ருக்மணியம்மா சுவரில் மாட்டியிருந்த படத்தில் ரஷ்யத் தேவாலயங்களின் வெங்காய வடிவக் கோபுரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சூஸ்தலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாஸ்கோவிலிருந்து பேருந்தில் அரை நாள். மெயின் ரோட்டை விட்டு இறங்கியதும் புல்வெளி. புல்வெளிக்கு நடுவே ஒரு ஊர். எந்தப் பக்கம் திரும்பினாலும் கோபுரம். நீலத்தில் தங்க நட்சத்திரம் பதித்தவை, பச்சைத் தகரம் வேய்ந்தவை, மொத்த வெள்ளை. சின்ன ஆறு ஒன்று வளைந்து வளைந்து போகிறது. அதன் கரையில் மரவீடுகள், சன்னல் சட்டங்களில் சரிகை மாதிரி மரச்செதுக்கல். மாடிக் கட்டடம் என்று சொல்லும்படி எதுவும் கண்ணில் படவில்லை. "நம்ம ஊரு பில்டர்ங்க யாரும் இங்க வர்ல போல" என்றார் ஏழுமலை அண்ணன். அவர் சொல்வது தொழில்ரீதியான வியப்பு.

அந்த ஊர் வெள்ளரிக்காய்க்குப் பேர் போனது. சாலையோரத்தில் பெண்கள் வாளி வாளியாக உப்பில் ஊறப் போட்ட வெள்ளரிக்காய் விற்கிறார்கள். அதில் சதகுப்பை. மதியச் சாப்பாட்டில் சூப்பில் சதகுப்பை, உருளைக்கிழங்கில் சதகுப்பை, தயிரில்கூடச் சதகுப்பை. சேலையூர் ராமநாதன் சார், தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், அதைக் கறிவேப்பிலை மாதிரி ஒவ்வொரு இழையாகப் பொறுக்கித் தட்டோரத்தில் அடுக்கினார். ருக்மணியம்மா மட்டும் எதையும் ஒதுக்காமல் சாப்பிட்டார். "வாசனையாத்தான் கீது" என்றார். அந்தப் பயணத்தில் அவர் தானாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன்.

சாப்பாடு முடிந்து ஆற்றோரமாக இருந்த பெண் துறவிகள் மடத்துக்குப் போனோம். உயரமான வெள்ளை மதில். உள்ளே நுழைந்தால் பளிச்சென்று தோட்டம், நடுவே மூன்று கோபுரமுள்ள வெள்ளைத் தேவாலயம். கறுப்பு அங்கி அணிந்த துறவிப் பெண்கள் குனிந்து களை பறித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் தலையை மூட வேண்டும் என்றார்கள். நாங்கள் எல்லோரும் முந்தானையையும் துப்பட்டாவையும் இழுத்துப் போட்டுக்கொண்டு நின்றோம்.

எங்கள் வழிகாட்டி லேனா அந்த மடத்தின் கதையைச் சொன்னாள். நானூறு ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய கதை. ஒரு அரசனுக்குக் கல்யாணமாகி இருபது வருஷமாகியும் குழந்தை இல்லை. அதைக் காரணமாக வைத்து மனைவியைத் துறவு பூணவைத்து, இந்த மடத்துக்கு அனுப்பிவிட்டு, வேறொருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டான். பிறகு அரச குடும்பத்தில் வேண்டாதவளாகிப்போன பெண்களை எல்லாம் இங்கேதான் கொண்டுவந்து விடுவார்களாம்.

நான் மைக்கைப் பிடித்தேன். என் வழக்கப்படி கொஞ்சம் மசாலா சேர்த்தேன். "ராஜா என்ன பண்ணார்னா, 'நீ கொஞ்ச நாள் உங்கம்மா வீட்டுல இருந்துட்டு வா'ன்னு நம்ம ஊர்ல சொல்லி அனுப்புவாங்களே, அந்த மாதிரி ராணியைக் கூட்டிட்டு வந்து இங்க விட்டுட்டார். அங்க புதுப் பொண்ணுக்கு மேளம் கொட்டியாச்சு." எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் திருப்தியாக இருந்தது.

லேனா இன்னொன்றும் சொன்னாள். இங்கே வந்த பிறகு அந்த ராணிக்கு ஒரு மகன் பிறந்தான் என்று ஒரு வதந்தி. அரசனின் ஆட்கள் தேடி வந்தபோது, குழந்தை செத்துப்போயிற்று என்று சொல்லி, ஒரு பொம்மைக்குச் சட்டை போட்டுப் புதைத்துவிட்டாளாம். பின்னால் அந்தச் சின்னக் கல்லறையைத் திறந்து பார்த்தபோது உள்ளே எலும்பு எதுவும் இல்லை, சட்டைதான் இருந்ததாம். அந்தச் சட்டையின் படத்தை லேனா தன் கோப்பிலிருந்து எடுத்துக் காட்டினாள். படம் கைமாறிக் கைமாறி ருக்மணியம்மாவிடம் போய் நின்றது. அவர் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"கையாலதான் தச்சிகீறாங்க. நல்ல தையலு" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "அந்தம்மா திரும்பிப் போச்சா பாப்பா?" என்று கேட்டார்.

லேனாவிடம் கேட்டுச் சொன்னேன். "இல்லம்மா. கடைசி வரைக்கும் இங்கயேதான் இருந்தாங்களாம். இந்தக் கோயிலுக்குக் கீழதான் அவங்க சமாதி."

"அந்தாளு ஒரு வாட்டி கூட வந்து பாக்கலியா?"

லேனாவுக்கு அது தெரியவில்லை. எனக்கும் அடுத்த இடத்துக்குப் போகும் அவசரம்.

பேருந்தில் தலை எண்ணினேன். இருபத்தொன்று. மறுபடி எண்ணினேன். இருபத்தொன்றுதான். சன்னலோரம் ஏழுமலை அண்ணன் உப்பு வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டிருந்தார். "பாத்ரூம் போயிருப்பா. வந்துருவா" என்றார். பத்து நிமிஷம் ஆனது. ராமநாதன் சார் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். நான் இறங்கி ஓடினேன்.

தேவாலயத்தின் பின்பக்கம், பூப்பாத்திகளுக்கு எதிரே ஒரு மரப் பெஞ்சில் ருக்மணியம்மா உட்கார்ந்திருந்தார். கைப்பை மடியில். முந்தானை இன்னும் தலையில்.

"என்னம்மா, கால் வலிக்குதா? வாங்க, பஸ்ல போய் உக்காரலாம்."

"நான் வர்ல பாப்பா. நீங்க போங்க."

"எங்கம்மா போறது? உங்களை விட்டுட்டா?"

"அந்தாளு வுட்டுட்டுப் போவாரு. அவருக்குப் பழக்கம்தான்."

எனக்கு அப்போதும் புரியவில்லை. அவர்தான் நிதானமாகச் சொன்னார், யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வது போல. கல்யாணமாகி ஆறு வருஷம் குழந்தை இல்லை. ஒருநாள் மாமியார், கொஞ்ச நாள் உங்கம்மா வீட்டில் இருந்துவிட்டு வா என்று பம்மலில் கொண்டுபோய் விட்டார். கொஞ்ச நாள் இரண்டு வருஷமானது. அப்புறம் ஒருநாள் புருஷன் வந்து, கிளம்பு என்றார். கிளம்பினார். ஏன் அனுப்பினீர்கள், ஏன் வரவில்லை, ஏன் வந்தீர்கள் என்று இவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முப்பது வருஷமாகிவிட்டது.

"நீ சொன்னியே பாப்பா, உங்கம்மா வூட்ல இருந்துட்டு வான்னு. எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சாரு. நான் பாத்தேன்."

லேனா ஆங்கிலத்தில் சொன்னதில் அம்மா வீடு எங்கேயும் இல்லை. அது நான் சேர்த்தது.

என்ன செய்வது என்று யோசிக்க நேரமில்லை. ஆனால் அந்த நாட்களில் எனக்கு முடிவெடுக்கத் தெரியும். பேருந்துக்குத் திரும்பி, "ருக்மணியம்மாவுக்குத் தலை சுத்துது. நீங்க எல்லாரும் லேனாவோட மரவீட்டு மியூசியம் பார்த்துட்டு வாங்க, ஒன்றரை மணி நேரத்துல இங்கயே வந்து எங்களை ஏத்திக்கங்க" என்றேன். ராமநாதன் சார், "ப்ரோக்ராம்ல இது இல்லையேம்மா" என்றார். "இப்ப இருக்கு சார்" என்றேன். ஏழுமலை அண்ணனை மட்டும் இறக்கிக் கூட்டிக்கொண்டு வந்தேன். வெள்ளரிக்காய் உறையும் கையோடு வந்தது.

"இன்னாடி பேஜாரு இது. வெளியூர்ல வந்து" என்றார் அவர், பெஞ்சுக்கு முன்னால் நின்றபடி.

"உக்காரு. உன்ன ஒண்ணு கேக்கணும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் நகரப் போனேன். "பாப்பா இருக்கட்டும்" என்றார் ருக்மணியம்மா. நான் நாலடி தள்ளி நின்றுகொண்டேன்.

"ரெண்டு வருசம் பம்மல்ல கெடந்தேனே. நீ ஏன் வர்ல?"

"எங்கம்மாதான..."

"உங்கம்மா அனுப்பிச்சாங்க. அது தெரியும். நீ எங்க போன?"

எதிரே ஒரு துறவிப் பெண் பூவாளியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஒவ்வொரு பாத்தியாகக் கடந்துபோனாள். அவள் கடைசிப் பாத்திக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அண்ணன் வாய் திறந்தார்.

"பொண்ணு பாக்கப் போனேன்."

"தெரியும். எங்க அண்ணன் சொல்லிச்சு, அப்பவே."

"ரெண்டு வாட்டி போனேன்."

ருக்மணியம்மா திரும்பி அவரைப் பார்த்தார். "ரெண்டு வாட்டியா?"

"மொத வாட்டி அம்மா இட்டுகினு போச்சு. ரெண்டாவது வாட்டி நானாத்தான் போனேன். யாராண்டயும் சொல்லல."

இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் அவர். அம்மாவின் மேல் பழியைப் போட்டுவிட்டு எழுந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்கு அவர் மேல் கோபம் வந்ததும், கூடவே ஏதோ ஒரு மரியாதை வந்ததும் அந்த நிமிஷத்தில்தான்.

"அப்புறம் ஏன் கட்டிக்கல?"

"அந்தப் பொண்ணு வேணான்னுட்டுச்சு. கட்னவள அம்மா வூட்ல வச்சிகினு இன்னொருத்திய கேக்குறவன், நாளைக்கு என்னையும் கொண்டுபோய் வுடுவான்னுச்சு. மூஞ்சிக்கு நேரா சொல்லிச்சு. அதுக்கு அப்புறம்தான் உன்னாண்ட வந்தேன்."

நான் மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வரும், சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் வரவில்லை.

"அந்தப் பொண்ணு பேரு இன்னா?"

"சரோஜா."

"எங்க கீதோ, நல்லா இருக்கட்டும்" என்றார் ருக்மணியம்மா. தலையிலிருந்து முந்தானையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அண்ணன் கையிலிருந்த உறையை வாங்கி, ஒரு வெள்ளரிக்காயை எடுத்து, பாதி உடைத்து என்னிடம் நீட்டினார். மீதியை அவர் சாப்பிட்டார். அண்ணனுக்குக் கொடுக்கவில்லை.

பேருந்து வந்ததும் ஏறி நேராக என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். அடுத்த நாலு நாளும் அதுதான் அவர் இடம். அண்ணன் கடைசி இருக்கையில் தனியாக வந்தார். வழியில் தண்ணீர் பாட்டில் வாங்கினால் இரண்டாக வாங்கி, ஒன்றை எங்கள் இருக்கையில் வைத்துவிட்டுப் போவார். அம்மா எடுத்துக் குடிப்பார். பேச்சு கிடையாது.

என்னிடம் பேசினார். அந்த நாலு நாளில் பேசியது போல அவர் வாழ்நாளில் யாரிடமும் பேசியிருக்க மாட்டார். பம்மலில் சும்மா உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்காமல், பல்லாவரம் வந்து ரயிலேறி, தாம்பரம் சானடோரியத்தில் ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். காலர் தைக்கிற பிரிவு. மூன்று தோழிகள். மதியம் நான்கு டப்பாவையும் ஒன்றாகத் திறந்து வைத்துச் சாப்பிடுவார்களாம். வேலை விட்டதும் வாசலில் இருந்த பஸ் நிறுத்தத்தில் நின்று பேசிப் பேசி, இரண்டு வண்டியை விட்டுவிட்டு மூன்றாவதில்தான் கிளம்புவார்களாம்.

"நான் தச்ச சட்டையெல்லாம் ரஷ்யாவுக்குத்தான் போவுதுன்னு சூப்பர்வைசர் சொல்லுவாரு. அது எங்க கீது, எப்டி கீதுன்னு ஒண்ணும் தெரியாது. ஒரு நாளைக்குப் போய்ப் பாக்கணும்னு நெனச்சிக்குவேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். மாஸ்கோவில் எதிரே வந்த கிழவர்களின் சட்டைக் காலரை எல்லாம் அவர் ஏன் அப்படி உற்றுப் பார்த்தார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. "நெசமா சொல்றேன் பாப்பா. அந்த ரெண்டு வருசம் நான் நல்லாத்தான் இருந்தேன்."

"அவருக்கு இது தெரியுமா?"

"நான் எப்டி இருந்தேன்னு அவரு கேக்கட்டும். கேட்டா சொல்லுவேன்."

கடைசி நாள் மாஸ்கோவில் மெட்ரோ ரயில். அந்த ஊரில் நகரும் படிக்கட்டு பாதாளத்துக்கு இறங்குவது போல நீளமாக இருக்கும். ருக்மணியம்மாவுக்கு அது பயம். முதல் நாள் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். அன்றைக்கு நான் முன்னால் எங்கள் குழுக் கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்த்தால், எனக்கு ஏழெட்டுப் படி மேலே, ஏழுமலை அண்ணனின் பச்சை ஸ்வெட்டர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தபடி ருக்மணியம்மா நின்றிருந்தார். விமானத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

அதற்குப் பிறகு நான் மைக்கில் கதை சொல்லும்போது கொஞ்சம் அடக்கி வாசித்தேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். ஒரு மாதம் அடக்கி வாசித்தேன். அப்புறம் பழைய குருடி கதைதான்.

ஊரடங்கு வந்தபோது எங்கள் நிறுவனத்தை மூடினார்கள். மாடிக்கு ஏறும் இரும்புப் படிக்கட்டைக்கூடக் கழற்றிவிட்டார்கள். இப்போது நான் ஓஎம்ஆரில் ஒரு கணினிக் கம்பெனியில் ஊழியர்களுக்கு விமானச் சீட்டு போட்டுக் கொடுக்கிறேன். நான் எங்கேயும் போவதில்லை. எங்களோடு வந்த அஸ்தினாபுரத்துக்காரர்கள் பேரப்பிள்ளைகளோடு துபாய்க்கும் பாலிக்கும் போகிறார்கள். ஆளுக்கொரு போன் காதில் எல்லாவற்றையும் தமிழில் சொல்லிவிடுகிறதாம். தப்பில்லாமல் சொல்கிறதாம்.

போன ஆடிக் கிருத்திகை முடிந்த வாரம் குன்றத்தூர் மலைக்குப் போயிருந்தேன். படியில் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவர் ஏழுமலை அண்ணன். மிகவும் இளைத்துவிட்டார். "அம்மா வரலையாண்ணா?" என்றேன்.

"அவ போயி ஒன்றர வருசம் ஆச்சு பாப்பா. ஜொரம்னு படுத்தா. மூணே நாளு."

பக்கத்துப் படியில் உட்கார்ந்தேன். ஆட்கள் எங்களைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தார்கள். அவரே பேச்சை எடுத்தார்.

"அந்த ஊர்ல அவ என்னைய கேட்டுட்டா. நானும் சொல்லிட்டேன். அதுக்கப்புறம் நல்லாத்தான் இருந்தோம். ஆனா நான் அவள ஒண்ணும் கேக்கல பாப்பா. அந்த ரெண்டு வருசம் எப்டி இருந்தான்னு ஒரு வார்த்த கேக்கல. அழுதுகினு இருந்திருப்பான்னு நானே நெனச்சிகினேன். கேட்டா அத எடுத்துச் சொல்லுவாளேன்னு பயம். உன்னாண்ட ஏதாவது சொன்னாளா?"

சொன்னேன். ரயில், காலர், மூன்று தோழிகள், நான்கு டப்பா, விட்டுவிட்ட இரண்டு பஸ், ரஷ்யாவுக்குப் போன சட்டைகள். ஒன்றையும் விடாமல் சொன்னேன். ரஷ்யா என்று வந்தபோது மட்டும், "அதுக்குத்தானா அந்த அடம்" என்றார்.

அப்புறம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சானடோரியத்துல எங்க கீது அந்தக் கம்பெனி? ஒரு நாளு போய்ப் பாத்துட்டு வர்லாம்னு கீது" என்றார்.

"அது இப்ப இல்லண்ணா. அம்மா சொன்ன இடத்துல ஒரு நாள் நானே போய்த் தேடினேன். இடிச்சிட்டு வேற என்னமோ கட்டியிருக்காங்க."

"பஸ் ஸ்டாப்பு?"

"ரோட்ட அகலப்படுத்தினப்ப அதையும் எடுத்துட்டாங்க."

"அவகூட வேல பாத்த பொண்ணுங்க பேராவது தெரியுமா?"

தெரியாது. நாலு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள், அந்த மூன்று பேரின் பெயரை மட்டும் நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.